குரூப் போட்டோ சேலஞ்ச்ல சேரலாமா? வாசகர் கேள்விகளுக்கு பதில்

போன இதழ்ல, தெரிஞ்ச நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு தலைப்பு வச்சு படம் எடுத்துப் பாருங்க, போட்டி பரிசு எதுவும் வேணாம், பழகறதுக்காக மட்டும் பண்ணுங்கன்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்லயே இந்த மாசப் பக்கம் நிறைஞ்சிடுச்சு. ஒரே கேள்வியை பல பேர் கேட்டிருந்ததால ஒண்ணா சேர்த்து பதில் சொல்லியிருக்கேன், உங்க ஊர் பேர் வரலைன்னு கோச்சுக்காதீங்க.

திருச்சியில இருந்து ஒரு வாசகி: எங்க அப்பார்ட்மென்ட்ல ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிருக்காங்க. திங்கக்கிழமை ஒரு தலைப்பு சொல்வாங்க, ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள ஒரே ஒரு போட்டோ போடணும். பாதிப் பேர் பெரிய கேமரா வச்சிருக்காங்க, என்கிட்ட இருக்கறது பழைய போன்தான். இப்பவே சேரட்டுமா, இல்ல ஒரு கேமரா வாங்கிட்டு சேரட்டுமா?

இப்பவே சேருங்க மேடம், இந்த வாரமே. கேமரா வாங்கற பேச்சே இப்போதைக்கு வேணாம்.

ஏன்னு சொல்றேன். முதல் அஞ்சாறு மாசம் நீங்க கத்துக்கப் போறது எல்லாம் கேமராவுக்கு வெளியில இருக்கற விஷயம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருது, நான் எங்க நின்னா நல்லாருக்கும், இந்த ஃப்ரேம்ல எதெல்லாம் வேண்டாம், எடுத்த இருபதுல எது ஒண்ணு நிக்கும், இது நாலும்தான். இதுக்கு போன் தாராளமா போதும். போன்ல மெயின் லென்ஸ் வைடா இருக்கும், அதாவது கண்ணுக்கு முன்னாடி இருக்கறதெல்லாம் அள்ளிப் போட்டுக்கும், அதனால ரெண்டு அடி முன்னாடி போங்க, இன்னும் ஒரு அடி போங்க. விரலால இழுத்து ஜூம் பண்ணாதீங்க, தூரத்துல இருக்கறதைக் கிட்டக் காட்டற டெலி லென்ஸ் தனியா இல்லாத போன்ல அது படத்தோட நடுப்பகுதியை வெட்டி பெருசாக்கித்தான் காட்டுது. எடுக்கறதுக்கு முன்னாடி லென்ஸை ஒரு நல்ல துணியால துடைங்க, சமையல் பண்ண கையோட போனை எடுத்தா லென்ஸ்ல எண்ணெய் பட்டு லைட்டெல்லாம் புகைமூட்டமா வரும், நிறைய பேர் போன் கேமரா போயிடுச்சுன்னு நினைக்கறது இதைத்தான். அப்புறம் ஸ்கிரீன்ல தொட்டு ஃபோகஸ் பண்ணினதும் பக்கத்துல ஒரு சூரியன் மாதிரி குறி வரும், அதைக் கீழ இழுத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க. நம்ம ஊர் வெயிலுக்கு இந்த ஒரு பழக்கம் ரொம்ப உதவும், வெள்ளை வேஷ்டியும் வெள்ளைச் சுவரும் வெளிறிப் போகாம இருக்கும்.

கருவி பெருசா இல்லாததுனால நல்லது நடக்கறதும் உண்டு. 1858ல லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன், மெட்ராஸ் மாகாணத்துக்கு அரசாங்கம் நியமிச்ச போட்டோகிராபர், மாட்டுவண்டியில கேமராவையும் கெமிக்கலையும் ஏத்திக்கிட்டு திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்தினாரு. அந்தக் காலத்து கேமராவுல ஒரு படத்துக்கு ரொம்ப நேரம் லென்ஸைத் திறந்து வைக்கணும், நடமாடற மனுஷங்க பதியவே மாட்டாங்க. அதனால அவர் அசையாத கல்லைப் பார்த்தாரு. தஞ்சாவூர் பெரிய கோயிலோட அடித்தளத்துல சுத்தி இருக்கற கல்வெட்டை பக்கம் பக்கமா எடுத்து, 21 பிரிண்ட்டை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினாரு. கேமராவால எது முடியாதுன்னு தெரிஞ்சதும், முடியறதுல அவ்வளவு தூரம் போயிருக்காரு. உங்க போனும் அப்படித்தான், பறக்கற பறவை முடியாது, இருட்டு ஹால்ல ஓடற குழந்தை முடியாது, மத்தபடி கைக்கெட்டற தூரத்துல இருக்கற எல்லாமே முடியும்.

தனியாவே பழகலாமேன்னும் கேட்டிருக்கீங்க. பழகலாம், ஆனா ஒரு விஷயம் தனியா கிடைக்காது. "கதவு"ன்னு ஒரு தலைப்பு குடுக்கறாங்கன்னு வைங்க. அப்பார்ட்மென்ட்ல எல்லாருக்கும் ஒரே மெயின் கேட், ஒரே லிஃப்ட் கதவு, ஒரே மாதிரி ஃபிளாட் கதவு. ஞாயித்துக்கிழமை பாத்தீங்கன்னா ஒருத்தர் கதவோட கீழ்ச்சந்துல வர்ற வெளிச்சக் கோட்டை எடுத்திருப்பாரு, ஒருத்தங்க காலிங் பெல் சுத்தி அழுக்கான விரல் அடையாளத்தை எடுத்திருப்பாங்க, எட்டாவது படிக்கற பையன் கண்ணாடித் துளை வழியா போனை வச்சு வாசல்ல நிக்கற பால்காரரை வளைஞ்சு போன உருவமா எடுத்திருப்பான். நீங்க தினம் நாலு தடவை போய் வர்ற அதே கதவு. அன்னிக்கு நீங்க கத்துக்கறதை எந்த வீடியோவும் சொல்லித் தராது, ஏன்னா வீடியோல காட்டற இடம் உங்க இடம் கிடையாது, இது உங்க இடம், நீங்க பார்க்காம விட்டது என்னன்னு கண்ணுக்கு முன்னாடி இருக்கு. குரூப் சேலஞ்ச்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இதுதான்.

எப்ப கேமரா வாங்கலாம்னா, "என் போன்ல இந்தப் படம் வரல, காரணம் இது"ன்னு ஒரே வாக்கியத்துல உங்களால சொல்ல முடியற அன்னிக்கு. அப்ப கடைக்காரர் சொல்றதைக் கேட்டு வாங்க மாட்டீங்க, உங்களுக்கு என்ன வேணுமோ அதைக் கேட்டு வாங்குவீங்க.

சென்னையில இருந்து ஒரு காலேஜ் மாணவர்: எங்க கிளாஸ் குரூப்ல ஏப்ரல் மாச தலைப்பு "நிழல்". மத்தியானம் வெளிய போனா நிழலே சரியா விழ மாட்டேங்குது. என்ன பண்றது?

தம்பி, ஏப்ரல் மாசத்துக்கு அந்தத் தலைப்பு குடுத்தவரை நான் பாராட்டறேன். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் சூரியன் உச்சியில நேர் மேல வரும், அன்னிக்கு 12 மணி தாண்டி சில நிமிஷத்துல நட்டு வச்ச கம்புக்கு நிழலே இருக்காது, பாட்டிலை நிறுத்தி வச்சா அடியிலயே ஒளிஞ்சுக்கும். அந்த நிமிஷமே ஒரு படம்தானே. கிரவுண்ட்ல ஃபிரெண்ட்ஸ் பத்து பேரை நிறுத்தி மாடியில இருந்து எடுங்க, ஒவ்வொருத்தர் காலடியிலயும் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருக்கும்.

நீள நிழல் வேணும்னா காலை ஏழு மணிக்குள்ள, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல. வெயில் உங்களுக்கு எதிர்ல இருக்கற மாதிரி நில்லுங்க, நிழல் உங்களைப் பார்த்து வரும். ஆளை விட்டுட்டு நிழலை மட்டும் ஃப்ரேம்ல வச்சுப் பாருங்க, சைக்கிள், துணிக்கொடி, கிரில் ஜன்னல் இதெல்லாம் நிஜத்தை விட நிழல்ல அழகா இருக்கும்.

மதுரையில இருந்து ஒரு வாசகர்: அண்ணே, எங்க குரூப்ல தலைப்பு "அசைவு". எங்க தெரு டீக்கடையில மாஸ்டர் டீ ஆத்தறதை எடுக்கப் போனேன், எல்லாமே கலங்கலா வருது. டீயும் கலங்கல், மாஸ்டரும் கலங்கல். எப்படி எடுக்கறது?

நல்ல இடத்தைப் பிடிச்சிருக்கீங்க, விடாதீங்க, அந்த ஒரு டீக்கடையிலயே ஒரு வருஷத்துக்குப் பாடம் இருக்கு.

முதல்ல முடிவு பண்ண வேண்டியது, டீ எப்படித் தெரியணும்ங்கறது. ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ள விடற நேரத்தை, 1/1000 செகண்ட்ல வச்சா டீ உடைஞ்சு துளித்துளியா, கண்ணாடி மணி கோத்த மாதிரி நிக்கும். 1/30ல வச்சா ஒரே பழுப்புக் கயிறா குவளைக்கும் கிளாஸுக்கும் நடுவுல ஓடும். ரெண்டும் அசைவுதான், ரெண்டும் வேற வேற படம். இப்ப உங்க போன் தானா ஒரு ஸ்பீடை எடுத்துக்குது, கடைக்குள்ள இருட்டுங்கறதால மெதுவா எடுக்குது, நீங்களும் கையில பிடிச்சிருக்கீங்க, அதான் எல்லாமே சேர்ந்து கலங்குது. போன்ல ப்ரோ மோடு இருந்தா அதுல போயி ஷட்டரை நீங்களே வைங்க, இல்லைன்னா அதுக்குன்னு தனி ஆப் இருக்கு.

1/1000க்கு நிறைய வெளிச்சம் வேணும், அதனால மாஸ்டர் கடையோட முன் ஓரத்துல, தெரு வெளிச்சம் படற இடத்துல நின்னு ஆத்தற நேரத்தைப் பார்த்துக்கங்க. உள்ள நின்னா ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணர்ற அளவு, ஏறி படம் மணல் மணலா வரும். 1/30க்கு போனை எங்கயாவது முட்டுக் குடுக்கணும், பிஸ்கட் பாட்டில் மேல சாய்ச்சு வச்சாப் போதும், அப்ப கடையும் மாஸ்டர் முகமும் அசையாம நிக்கும், டீ மட்டும் ஓடும். மாஸ்டர் கை கொஞ்சம் கலங்கினா பரவால்ல, கை கலங்கறதுதான் அங்க அசைவே.

அடுத்தது ஆவி. பின்னாடி வெள்ளைச் சுவர் இருந்தா ஆவி தெரியாது. பின்னணி இருட்டா இருக்கணும், வெளிச்சம் ஆவிக்குப் பின்னால இருந்தோ பக்கவாட்டுல இருந்தோ வரணும், அப்பதான் பால் சட்டியில இருந்து எழும்பறது வெள்ளையா பளிச்சுன்னு தெரியும். மார்கழி காலையில போனீங்கன்னா குளிருக்கு இன்னும் நல்லா வரும். அப்புறம் டைமிங், மாஸ்டர் கை மேல போறப்ப க்ளிக் பண்ணினா லேட்டாயிடும், கொஞ்ச நேரம் சும்மா நின்னு பாருங்க, ஒவ்வொரு மாஸ்டருக்கும் ஒரு தாளம் இருக்கும், கிளாஸைத் தட்டி வைப்பாரு, ஒரு இழுப்பு இழுப்பாரு, ரெண்டாவது இழுப்புதான் உயரமா போகும். அந்தத் தாளம் பிடிபட்டதும் கை மேல போக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பர்ஸ்ட்டா, அதாவது விடாம தொடர்ச்சியா, பத்துப் பன்னெண்டு எடுத்துடுங்க.

முக்கியமா, டீ வாங்கிக் குடிங்க, அவர்கிட்ட சொல்லிட்டு எடுங்க, எடுத்ததுல நல்லதை அவர் போனுக்கு அனுப்பி வைங்க. அடுத்த வாரம் நீங்க கேக்காமலே உயரமா ஆத்துவாரு.

சேலத்துல இருந்து ஒரு வாசகி: எங்க குரூப்ல யார் என்ன போட்டாலும் "சூப்பர்", "செம", கைதட்டல் எமோஜி, இவ்வளவுதான். எனக்கு என்ன தப்புன்னு தெரியணும், ஆனா மத்தவங்களைப் பத்தி நானும் எதுவும் சொல்ல பயமா இருக்கு, மனசு கஷ்டப்படுவாங்களேன்னு.

இந்த மாசம் வந்த கடிதங்கள்லயே எனக்குப் பிடிச்ச கேள்வி இது. ஏன்னா இது சரியா இருந்தா குரூப் வளரும், இல்லைன்னா மூணு மாசத்துல குட் மார்னிங் மெசேஜ் குரூப்பா ஆயிடும்.

நல்லாருக்கு, நல்லா இல்லன்னு தீர்ப்பு சொல்ல வேணாம். உங்க கண்ணு எங்க போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு உதாரணம், ஒருத்தங்க பூ கட்டற பாட்டியை எடுத்துப் போடறாங்க. பாட்டியோட விரல், நாரு, மல்லிகை எல்லாம் அருமையா இருக்கு, ஆனா பின்னாடி ஒரு ஆரஞ்சு பிளாஸ்டிக் குடம் இருக்கு. "குடம் இருக்கறதால படம் கெட்டுப் போச்சு"ன்னு எழுதினா அவங்க அடுத்த வாரம் படம் போட மாட்டாங்க. "எனக்கு முதல்ல அந்தக் குடம்தான் கண்ணுல பட்டுச்சு, அப்புறம்தான் பாட்டி விரலுக்கு வந்தேன், அந்த விரலை விட்டு நகர முடியல"ன்னு எழுதுங்க. இதுல யாரையும் குத்தம் சொல்லல, உங்களுக்கு நடந்ததைச் சொல்றீங்க, அதை யாரும் மறுக்கவும் முடியாது. எடுத்தவங்களுக்கு அடுத்த தடவை ரெண்டடி இடது பக்கம் நகர்ந்து குடத்தை பாட்டி முதுகுக்குப் பின்னாடி மறைக்கணும்னு தானாவே தோணும். இல்லைன்னா, இல்லங்க எனக்கு அந்தக் குடம் வேணும், அது பாட்டி வீட்டோட நிறம்னு சொல்லுவாங்க, அதுவும் நல்ல பேச்சுதான், அப்ப குடத்தை இன்னும் தைரியமா உள்ள கொண்டு வரலாமேன்னு அடுத்த ஆள் சொல்லுவாரு.

இன்னொண்ணு, படம் போட்டவங்க மத்தவங்க நாலு பேர் சொல்ற வரைக்கும் விளக்கம் குடுக்காம இருக்கணும். "இது எங்க அத்தை, அன்னிக்கு மழை, லைட் இல்ல"ன்னு முதல்லயே சொல்லிட்டா எல்லாரும் அந்தக் கதையைத்தான் பார்ப்பாங்க, படத்தைப் பார்க்க மாட்டாங்க. கதை அப்புறம் சொல்லலாம், எல்லாருக்கும் அது பிடிக்கும்.

யாராவது ஒருத்தர் ஆரம்பிக்கணும்ங்க, அது நீங்களா இருங்க. மத்தவங்க படத்துல இருந்து ஆரம்பிக்காம உங்க படத்துல இருந்து ஆரம்பிங்க. போட்டோவைப் போட்டுட்டு கூடவே, நான் இதை இன்னொரு மாதிரியும் எடுத்தேன், ரெண்டுல எது உங்களை நிறுத்தி வைக்குது, ஏன்னு கேளுங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொன்னா யாருக்கும் கூச்சம் இருக்காது. காரணம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்கன்னா அப்புறம் "சூப்பர்" தானா குறைஞ்சிடும்.

ஈரோட்டுல இருந்து ஒரு வாசகர்: ஒரே தலைப்புக்கு நூறு படம் எடுத்துடறேன், எதைப் போடறதுன்னே தெரியல.

எடுத்த அன்னிக்கே போடாதீங்க. எடுக்கறப்ப இருந்த சந்தோஷம் ஒரு ராத்திரி கழிஞ்சாத்தான் இறங்கும், அடுத்த நாள் பார்க்கறப்ப பாதி படம் தானா கீழ போயிடும். கேலரியில சின்னக் கட்டமா பார்க்கறப்பவே எது தனியாத் தெரியுதுன்னு பாருங்க, உருவம் தெளிவா இருக்கற படம் சின்ன சைஸ்லயும் நிக்கும். கடைசியா ரெண்டு மூணு மிஞ்சும், வீட்டுல ஒருத்தர்கிட்ட போனைக் குடுத்துட்டு ஒண்ணும் சொல்லாம அவங்க எதுல நிறுத்தறாங்கன்னு பாருங்க.

காரைக்குடியில இருந்து ஒரு வாசகர்: அப்பாவோட பழைய ஃபிலிம் கேமரா இருக்கு. ஷட்டர் எல்லாம் நல்லா வேலை செய்யுது, ஆனா உள்ள இருக்கற, வெளிச்சத்தை அளக்கற லைட் மீட்டர் போயிடுச்சு. இதை வச்சு குரூப்ல கலந்துக்க முடியுமா?

தாராளமா, எனக்கு உங்க மேல கொஞ்சம் பொறாமையாவே இருக்கு. மீட்டர் இல்லாம எடுக்க பழைய கணக்கு ஒண்ணு இருக்கு. நல்ல வெயில்ல லென்ஸை எஃப் 16ல வைங்க (எஃப் எண் லென்ஸ் துளையோட அளவு, எண் குறைஞ்சா துளை பெருசாகி வெளிச்சம் கூடும்), ஷட்டர் ஃபிலிமோட ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்து எண்ணுல வைங்க, அதாவது ஐஎஸ்ஓ 100 ஃபிலிம்னா 1/125, 200 ஃபிலிம்னா 1/250. லேசா மேகம்னா எஃப் 11, முழுசா மூடாக்கா இருந்தா எஃப் 8, செட்டிநாட்டு வீட்டுத் தாழ்வாரம் மாதிரி திறந்த நிழல்னா எஃப் 4. நெகட்டிவ் ஃபிலிம் கொஞ்சம் வெளிச்சம் கூடினா தாங்கும், குறைஞ்சாத்தான் தாங்காது, அதனால சந்தேகம்னா வெளிச்சத்தை ஒரு படி கூட்டி வைங்க.

ரோலுக்கு 36தான், விலையும் கூடிடுச்சு, கழுவற இடமும் குறைஞ்சு போச்சு. அதனால குரூப்ல சொல்லி உங்களுக்கு மட்டும் மாசம் ஒரு படம்னு வச்சுக்கங்க. மேல ஈரோட்டுக்காரர் கேட்ட பிரச்சினை உங்களுக்கு வரவே வராது, ஒவ்வொரு க்ளிக்கும் யோசிச்சுத்தான் அமுக்குவீங்க. அவரும் ஒரு வாரம் போன்ல பன்னெண்டு க்ளிக்குக்கு மேல கிடையாதுன்னு வச்சுப் பார்க்கலாம்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு வாசகி: நாங்களே ஒரு குரூப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், பெரும்பாலும் வீட்டுல இருக்கற அம்மாக்கள், ரெண்டு மூணு பேர் ரிட்டயர் ஆனவங்க. எத்தனை பேர் இருக்கலாம், தலைப்பு எப்படி வைக்கறது, பரிசு வைக்கலாமா?

பரிசு வேணாம். பரிசு வந்தா ஜட்ஜ் வரணும், ஜட்ஜ் வந்தா அவருக்குப் பிடிச்ச மாதிரி எடுக்க ஆரம்பிச்சிடுவாங்க, நல்லா எடுக்கற ரெண்டு பேரே திரும்பத் திரும்ப வாங்குவாங்க, மத்தவங்க சத்தமில்லாம விலகிடுவாங்க. பத்துல இருந்து பதினஞ்சு பேர் போதும், அதுக்கு மேல போனா ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு வார்த்தை சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

தலைப்புல ரொம்ப யோசிச்சு செய்யணும். காசு செலவு பண்ணி, ஊர் விட்டு ஊர் போயித்தான் எடுக்கணும்ங்கற தலைப்பு வேணாம். பறவைன்னு வச்சீங்கன்னா நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள வேடந்தாங்கல் போக முடிஞ்சவங்க, பெரிய டெலி லென்ஸ் வச்சிருக்கவங்க, அவங்களுக்குத்தான் அது. சமையல்கட்டை விட்டு நகர முடியாத அன்னிக்கும் எடுக்கற மாதிரி இருக்கணும். பொருளைத் தலைப்பா வைக்கறது ஒரு விதம், கை, படிக்கட்டு, பாத்திரம், ஜன்னல், இதெல்லாம் ஆரம்பத்துக்கு நல்லது. பார்க்கற விதத்தைத் தலைப்பா வைக்கறது இன்னொரு விதம், அதுலதான் கண்ணு பழகும், தரையில போனை வச்சு எடுத்தது, ஒரே நிறம் மட்டும், ஆள் இல்லாம ஆள் இருந்ததைக் காட்டறது, கண்ணாடியில தெரியறது, பாதி ஃப்ரேம் காலியா இருக்கறதுன்னு. நாலு வாரம் முதல் விதம்னா ஒரு வாரம் ரெண்டாவது விதம் குடுங்க, போகப் போக மாத்திக்கலாம். தலைப்பு சொல்றதை ஒருத்தரே வச்சுக்காம முறை வச்சு மாத்துங்க, ரிட்டயர் ஆன அந்த சார் சொல்ற தலைப்பும் பள்ளிக்கூடம் போற பிள்ளையோட அம்மா சொல்றதும் ஒரே மாதிரி இருக்காது.

வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா சுருக்கிடும், டாக்குமெண்ட்டா அனுப்பினா அப்படியே போகும். ஆனா அப்படி அனுப்பறப்ப எந்த இடத்துல எடுத்ததுங்கற விவரமும் படத்தோடவே போக வாய்ப்பிருக்கு, அதனால வீட்டுல, பிள்ளைகளை எடுக்கறவங்க கேமரா செட்டிங்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க. மாசம் ஒரு நாள் ஒண்ணா வெளிய போங்க, உழவர் சந்தை போதும், காலையில ஆறு மணிக்கு கீரைக்கட்டு மேல தண்ணி தெளிக்கற நேரத்துக்குப் போனா எல்லாருக்கும் படம் உண்டு.

திருநெல்வேலியில இருந்து: எடிட் பண்ணிப் போடலாமா?

கோணலை நேராக்கறது, ஓரத்தை வெட்டறது, வெளிச்சம் கூட்டிக் குறைக்கறது எல்லாம் பண்ணலாம், பண்ணணும். கரண்ட் கம்பத்தை அழிக்கறது, வானத்தை மாத்தறது, ஏஐ வச்சு இல்லாததைச் சேர்க்கறது இதெல்லாம் பழகற குரூப்புக்கு வேணாம். கம்பம் இடைஞ்சலா இருந்தா எங்க நின்னா அது மறையும்னு தேடறதுதான் பயிற்சி, அதை அழிச்சுட்டா அந்தப் பயிற்சியே போயிடுது.

வட சென்னையில இருந்து ஒரு வாசகர்: எங்க குரூப் காசிமேடு மீன்பிடி துறைமுகத்துக்கு விடிகாலை போகுது. தெரியாதவங்களை எடுக்கறதுக்கு கேட்டுட்டுத்தான் எடுக்கணுமா? கேட்டா இயல்பா வராதே.

காசிமேட்டுல விடியற நேரம் அவங்களுக்கு வியாபார நேரம், ஏலம் போயிட்டு இருக்கும், கூடை தூக்கிட்டு ஓடுவாங்க, தரையெல்லாம் ஐஸ் தண்ணி. பத்து பேர் கேமராவோட நடுவழியில நின்னா அவங்க பொழப்பு கெடும். அதனால முதல் விதி, வழி விட்டு ஓரமா நில்லுங்க, ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போங்க.

கூட்டமா, தூரமா எடுக்கறப்ப ஒவ்வொருத்தரையா கேக்க முடியாது. முகம் தெளிவாத் தெரியற மாதிரி ஒருத்தரை எடுக்கறப்ப கேளுங்க, வாயாலதான் கேக்கணும்னு இல்ல, கேமராவைக் காட்டி தலையசைச்சாப் போதும். முகத்தைத் திருப்பினா விட்டுடுங்க, வற்புறுத்தாதீங்க. இயல்பா வராதுன்னு பயப்படாதீங்க, கேட்டதும் ஒரு நிமிஷம் விறைப்பா நிப்பாங்க, அந்த ஒண்ணை எடுத்துக் காட்டிட்டு அங்கயே நின்னு பேசிட்டு இருந்தா அவங்க வேலைக்குத் திரும்பிடுவாங்க, அப்ப வர்றதுதான் உங்க படம். குழந்தைங்கன்னா பெத்தவங்களைக் கேக்காம எடுக்கவே கூடாது. பிளாட்பாரத்துல தூங்கறவங்க, உடம்பு முடியாதவங்க, அழறவங்க, இவங்களை சேலஞ்ச் தலைப்புக்காக எடுக்கறது எனக்குச் சரியாப் படல, குரூப் விதியிலயே அதை எழுதிடுங்க.

இதோட சேர்த்து இன்னொண்ணு, கோயிலுக்குள்ள எடுக்கலாமான்னு பல பேர் கேட்டிருந்தீங்க. கோயில்களுக்குள்ள செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கு. அதனால போனை வெளிய குடுத்துட்டுப் போங்க. எடுக்கறதுக்கு வெளியிலயே நிறைய இருக்கு, தேரோடற வீதி, தெப்பக்குளப் படி, பூக்கடை, மயிலாப்பூர்ல பங்குனி மாச அறுபத்து மூவர் அன்னிக்கு மாட வீதியில நின்னா போதும்.

நாகர்கோவில்ல இருந்து ஒரு வாசகி: மூணு வாரம் படம் போடல, மாமியாருக்கு உடம்பு சரியில்ல. திரும்பப் போக கூச்சமா இருக்கு.

விட்ட வாரத்தையெல்லாம் சேர்த்துப் போட முயற்சி பண்ணாதீங்க, அதுதான் பாரமாகி ஆளை விலக வைக்கும். இந்த வாரத் தலைப்புக்கு ஒண்ணு எடுத்து, ஒரு விளக்கமும் இல்லாம போடுங்க. மூணு வாரமும் வீட்டுக்குள்ளயே இருந்திருக்கீங்க, மாமியார் கட்டில் பக்கத்து ஜன்னல், மாத்திரை டப்பா, ராத்திரி எரியற ஒத்தை பல்பு, இதையெல்லாம் உங்க அளவுக்குப் பார்த்தவங்க அந்தக் குரூப்ல யாரும் இருக்க மாட்டாங்க. மாமியார் சீக்கிரம் எழுந்து நடமாடட்டும்.

தர்மபுரியில இருந்து: ஆகஸ்ட் 19ஐ ஏன் உலக போட்டோகிராபி தினம்னு சொல்றாங்க?

1839 ஆகஸ்ட் 19 அன்னிக்குத்தான் பாரிஸ்ல டாகெரோடைப்ங்கற போட்டோ எடுக்கற முறையை எல்லாருக்கும் வெளிப்படையா விளக்கிச் சொன்னாங்க, பிரெஞ்சு அரசாங்கம் அதை உலகத்துக்கே இலவசமா குடுக்கறதா அறிவிச்சுது. உங்க குரூப்ல அன்னிக்கு ஒரே நாள் சேலஞ்சா வைக்கலாம், காலையில தலைப்பு சொல்லி ராத்திரிக்குள்ள படம்.

செங்கல்பட்டுல இருந்து ஒரு வாசகர்: சார், எங்க குரூப் ஜனவரியில மாமல்லபுரம் போகுது, பன்னெண்டு பேர். எத்தனை மணிக்குப் போனா நல்லது? அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பத்தை எல்லாரும் ஒரே மாதிரிதான் எடுக்கறாங்க, வேற மாதிரி எப்படி எடுக்கறது?

ஜனவரியில சூரியன் ஆறரை வாக்குலதான் வரும், அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே கடற்கரைக்குப் போயிடுங்க, கடற்கரைக் கோயிலோட விமானம், அதாவது கருவறை மேல இருக்கற கோபுரம், விடியற வானத்துக்கு எதிர்ல கறுப்பு உருவமாத் தெரியறதை மணல்ல தள்ளி நின்னு எடுக்கலாம். அப்புறம் டிபனை முடிச்சுட்டு அர்ச்சுனன் தபசுக்கு வாங்க. அந்தப் பாறை கிழக்கு பார்த்து இருக்கு, அதனால விடிஞ்சதும் போனா வெயில் கிட்டத்தட்ட நேர் முன்னாடி இருந்து அடிக்கும், நிறம் அழகா இருக்கும் ஆனா சிற்பம் தட்டையாத் தெரியும். ஒன்பதுல இருந்து பதினொண்ணுக்குள்ள சூரியன் மேல ஏற ஏற ஒவ்வொரு உருவத்துக்கும் கீழ நிழல் விழும், அப்பதான் யானையோட தும்பிக்கை பாறையை விட்டு வெளிய வரும். மத்தியானத்துக்கு மேல பாறையே நிழலுக்குப் போயிடும்.

முழுப் பாறையையும் ஒரே ஃப்ரேம்ல போட ஆசைப்படாதீங்க, அதான் எல்லாரும் எடுக்கறது. பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு உருவம்னு சீட்டு குலுக்கிப் போடுங்க. தவம் பண்ற பூனை ஒருத்தருக்கு, அது காலடியில நம்பி நிக்கற எலிங்க ஒருத்தருக்கு, பின்னங்காலால மூக்கைச் சொறியற மான் ஒருத்தருக்கு, பெரிய யானைக்கு அடியில நிக்கற குட்டிங்க ஒருத்தருக்கு, நடுவுல வெடிப்புல இருக்கற நாகர் ஒருத்தருக்குன்னு. அவங்கவங்க அவங்க உருவத்தோடயே ஒரு மணி நேரம் இருக்கணும், வேற எதையும் எடுக்கக் கூடாது. கம்பிக்கு வெளியில இருந்துதான் எடுக்க முடியும், தனி டெலி லென்ஸ் இருக்கற போன்காரங்களுக்கு எட்டாத உயரத்து உருவங்களைக் குடுங்க, மத்தவங்களுக்குக் கீழ இருக்கற யானைகளைக் குடுங்க. ட்ரைபாட் கொண்டு போகாதீங்க, தொல்லியல் துறை இடங்கள்ல அதுக்குத் தனியா அனுமதி கேப்பாங்க. பன்னெண்டு படத்தையும் இந்தப் பக்கத்துக்கு அனுப்பி வைங்க, யாரும் பேர் போட வேணாம், எந்த உருவம்னு மட்டும் எழுதுங்க.